பெரிய சொகுசு எஸ்யூவி வாங்கும் முன்: புதிய வண்டிக்கும் பழைய வண்டிக்கும் ஒரு வழிகாட்டி

முழு அளவு சொகுசு எஸ்யூவி என்று அழைக்கப்படும் வண்டிகள் பெரும்பாலும் மூன்று வரிசை இருக்கைகளும், ஐந்து மீட்டரை ஒட்டியோ அதைத் தாண்டியோ செல்லும் நீளமும், இரண்டரை டன் அளவிலான எடையும் கொண்டவை. கேடிலாக் எஸ்கலேட், லிங்கன் நேவிகேட்டர், ரேஞ்ச் ரோவர், மெர்சிடிஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்7, லெக்ஸஸ் எல்எக்ஸ், இன்ஃபினிட்டி க்யூஎக்ஸ்80, ஜீப் கிராண்ட் வேகனீர் ஆகியவை இந்த வகுப்பில் அடிக்கடி ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. இவற்றில் எதை வாங்க நினைத்தாலும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. வண்டிக்கு வயதாக ஆக அதன் விற்பனை விலை வேகமாகச் சரிகிறது. அதன் உதிரிபாகங்களின் விலையும் வேலைக்கூலியும் அப்படிச் சரிவதில்லை. புதிதில் இருந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் எட்டு வயது வண்டியின் டர்போவும் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) முகப்பு விளக்கும் ஏர் சஸ்பென்ஷனும் (வண்டியைக் காற்றுப் பைகளால் தாங்கும் அமைப்பு) புது வண்டிக்கு உரிய விலையில்தான் இன்றும் விற்கப்படுகின்றன. பழைய வண்டியை மலிவாகப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர்களில் பலர் ஓராண்டுக்குள் அதை விற்க ஆள் தேடுவதற்கு இதுவே காரணம். ஆகவே பட்ஜெட் போடும்போது கையிருப்பு முழுவதையும் வண்டி விலைக்கே ஒதுக்கிவிடாமல், பழைய வண்டியானால் விலையில் ஆறில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டின் பழுதுபார்ப்புக்கென்று தனியே வைத்துவிடுவது நல்லது. அந்தப் பங்கை ஒதுக்க முடியாத வண்டி உங்கள் கைக்கு எட்டாத வண்டி என்றே நான் சொல்வேன்.

அளவுநாடாவோடு தொடங்குங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே, வண்டி நிற்கப்போகும் இடத்தையும் அதற்கு வரும் வழியையும் அளந்துவிடுங்கள். கையேடுகளில் பெரிதாக அச்சிடப்படும் அகலத்தில் பக்கவாட்டுக் கண்ணாடிகள் சேராமல் இருப்பது வழக்கம். தற்போதைய ரேஞ்ச் ரோவரின் அகலம் கண்ணாடிகளை மடித்தால் 2,047 மி.மீ., விரித்தால் 2,209 மி.மீ.; இரண்டேகால் மீட்டர் அகலமுள்ள வாயிலில் இந்த வண்டியைக் கண்ணாடி மடிக்காமல் நுழைத்தால் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். நீளத்தில் எக்ஸ்7 ஏறத்தாழ 5.18 மீட்டர், ஜிஎல்எஸ் 5.2 மீட்டர், எஸ்கலேட் 5.38 மீட்டர், எஸ்கலேட்டின் நீட்டிக்கப்பட்ட வடிவமான இஎஸ்வி 5.7 மீட்டரையும் தாண்டிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தம் கொட்டகையின் நீளத்தை அளந்து, வண்டி அதற்குள் அடங்கும் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வாங்கினார். வண்டியும் அடங்கியது. ஆனால் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும்போது பின்னால் ஏறக்குறைய ஒரு மீட்டர் இடம் வேண்டும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் பெட்டிகளை ஏற்றுகிறார். உயரமும் கவனிக்கத்தக்கது: இந்த வண்டிகளில் பெரியவை 1.95 மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்பதால், தரைத்தளத்துக்குக் கீழுள்ள நிறுத்துமிடங்களில் இரண்டு மீட்டர் என்று எழுதித் தொங்கும் தடுப்பைத் தட்டாமல் கடந்தாலும், கூரைமேல் பெட்டி பொருத்திய பிறகு கடக்க முடியாது.

குறுகிய தெருக்களில் ஓட்ட வேண்டியவர்கள் பின்சக்கரமும் திரும்பும் அமைப்புள்ள வண்டியைத் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த வசதியுள்ள ரேஞ்ச் ரோவரின் திரும்பு வட்டம் 11 மீட்டருக்குள் அடங்குகிறது. அந்த எடையுள்ள வண்டிக்கு இது வியப்பான அளவு. ஆனால் பழைய வண்டி வாங்குபவருக்கு இது பழுதாகக்கூடிய இன்னொரு பாகமும் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் வரிசை இருக்கைக்காகவே இந்த வகுப்பைத் தேடுவோர் பலர். விற்பனையாளர் பொத்தானை அழுத்தி இருக்கைகள் தாமாக விரிவதைக் காட்டுவார். அது கண்ணுக்கு அழகுதான். நீங்கள் செய்ய வேண்டியது அதில் ஏறி, முன்வரிசைகளை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்த நிலையில், கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது. தரை உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருக்கும் வண்டிகளில் முழங்கால் நெஞ்சை நோக்கி எழும். தொடைக்குத் தாங்கல் இராது. எஸ்கலேட்டில் இந்தக் குறை நீங்கியது 2021 மாடலில்தான்: பின்பக்கம் ஒரே இரும்பு அச்சாக இருந்தது மாறி, இரு சக்கரங்களும் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷன் வந்ததால் தரை தாழ்ந்தது. லிங்கன் நேவிகேட்டர் இதை 2003 மாடலிலேயே செய்திருந்தது. லெக்ஸஸ் எல்எக்ஸ் இன்றும் கரடுமுரடான பாதைக்கு ஏற்ற ஒற்றை அச்சையே வைத்திருக்கிறது, ஆகவே அதன் மூன்றாம் வரிசை பெரியவர்களுக்கு நெடும்பயணத்துக்கு உகந்ததல்ல. அதேபோல் எல்லா இருக்கைகளும் விரிந்த நிலையில் டிக்கியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் வெளியான எக்ஸ்7-இல் அது 326 லிட்டர். இன்றைய ஜிஎல்எஸ்-இல் 355 லிட்டர். எஸ்கலேட்டில் 700 லிட்டருக்கு மேல். ஏழு பேர் விமான நிலையத்துக்குப் போவதானால் முதல் இரண்டிலும் பெட்டிகள் யாருடைய மடியிலாவதுதான் போக வேண்டும்.

சட்டகமும் சுமையும்

இந்த வகுப்பில் இரண்டு விதமான கட்டுமானம் உண்டு. எஸ்கலேட், நேவிகேட்டர், எல்எக்ஸ், க்யூஎக்ஸ்80, கிராண்ட் வேகனீர் ஆகியவை லாரியைப் போலத் தனிச் சேசிஸ் மீது உடலைப் பொருத்திய வண்டிகள். ரேஞ்ச் ரோவர், ஜிஎல்எஸ், எக்ஸ்7 ஆகியவற்றில் உடலும் சேசிஸும் ஒன்றே. முன்னது இழுவைக்கும் முரட்டுப் பயன்பாட்டுக்கும் தாங்கும். பின்னது நெடுஞ்சாலையில் கார் போல அமைதியாக ஓடும். எது உயர்ந்தது என்ற வாதத்தில் இறங்காமல், நீங்கள் ஆண்டில் முந்நூறு நாள் ஓட்டப்போகும் சாலை எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுமை பற்றிய கணக்கில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இவ்வளவு பெரிய வண்டி எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் என்ற எண்ணம் தவறு. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. எடுத்துக்காட்டாக, மொத்த எடை 3,250 கிலோ, வெற்று எடை 2,600 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 650 கிலோ. சராசரியாக 75 கிலோ எடையுள்ள ஏழு பேர் ஏறினால் 525 கிலோ போய்விடும். எஞ்சிய 125 கிலோவில்தான் பெட்டிகளும் கூரைச் சுமையும் அடங்க வேண்டும். 3,500 கிலோ வரை இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கலாம். ஆனால் 2,500 கிலோ டிரெய்லரை மாட்டினால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ, இழுவைக் கொக்கி வழியாக வண்டியின் மீதே அழுந்தும். அந்த 250 கிலோவும் மேற்சொன்ன 650 கிலோவுக்குள்தான் வர வேண்டும். ஏழு பேரும் டிரெய்லரும் ஒன்றாகப் போக முடியாது என்பது இப்படித்தான் தெரியவருகிறது. வாங்கப்போகும் அதே வண்டியின் கதவுத்தூணில் ஒட்டியுள்ள பட்டையில் இருக்கும் எண்களைப் படியுங்கள்; கூடுதல் வசதிகள் பொருத்தப்பட்ட வண்டியில் வெற்று எடை கூடி, ஏற்றும் சுமை குறைந்திருக்கும்.

என்ஜினும் எரிபொருளும்

எட்டு சிலிண்டர்களை வி வடிவில் கொண்ட பெரிய வி8 பெட்ரோல் என்ஜின் இந்த வகுப்பின் அடையாளமாக நெடுங்காலம் இருந்தது. எஸ்கலேட்டில் இன்றும் 6.2 லிட்டர் வி8 இருக்கிறது. எல்எக்ஸ் தன் 5.7 லிட்டர் வி8-ஐக் கைவிட்டு இரட்டை டர்போ வி6-க்கு மாறியது. க்யூஎக்ஸ்80-உம் 2025 மாடலில் அதையே செய்தது. காகிதத்தில் சிறிய என்ஜின் சிக்கனமானது. ஆனால் இரண்டரை டன் வண்டியை ஏற்றத்திலும் நெரிசலிலும் இழுக்கும்போது டர்போ தொடர்ந்து வேலை செய்வதால் வேறுபாடு எதிர்பார்த்த அளவுக்கு இராது. பெரிய வி8 பெட்ரோல் வண்டிக்கு நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு 14, 15 லிட்டர் என்று கணக்கு வைப்பதே நேர்மையானது. தனி நகர ஓட்டத்தில் அதற்கும் மேலே போகும். இந்த என்ஜின்களில் பெரும்பாலானவை உயர் ஆக்டேன் பெட்ரோலைக் கேட்பவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் வண்டியை நீண்ட தூரம் ஓட்டுபவர் மட்டுமே நினைக்கலாம். அதன் புகைபோக்கியில் உள்ள கரித்துகள் வடிகட்டி, நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடிச் சூடேறும்போதுதான் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் டீசல் வண்டியில் அது அடைத்துக்கொண்டு, எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, செலவில் கொண்டுபோய் விடும். மின்னேற்றம் செய்யக்கூடிய ஹைபிரிட் வண்டியைத் தினமும் மின்னேற்றம் செய்யாவிட்டால், கூடுதல் எடையை இழுக்கும் சாதாரணப் பெட்ரோல் வண்டியாகவே அது ஓடும். முழு மின்சார எஸ்கலேட் ஐக்யூ நான்கு டன்னைத் தாண்டும் எடையுள்ளது. டயர் தேய்மானமும் நிறுத்துமிடத்தின் தாங்குதிறனும் அங்கே புதிய கேள்விகளாகின்றன. பழைய மின்சார வண்டியானால் பேட்டரியின் தற்போதைய கொள்ளளவு பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்காமல் பேச்சைத் தொடராதீர்கள்.

புதிய வண்டி

புதிய வடிவம் வெளியான முதல் ஆண்டிலேயே வாங்காமல் இருப்பது பழைய அறிவுரை. இந்த வகுப்பில் அது இன்னும் பொருந்துகிறது. 2022, 2023 மாடல் லெக்ஸஸ் எல்எக்ஸ்600 வண்டிகளும் அதே என்ஜினைக் கொண்ட டொயோட்டா டுன்ட்ரா வண்டிகளும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேல் 2024-இல் திரும்ப அழைக்கப்பட்டன; தொழிற்சாலையில் என்ஜினைக் கடைந்தபோது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்கள் பேரிங்குகளைக் கெடுத்ததே காரணம். நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்ற நிறுவனத்துக்கே புதிய என்ஜினில் இது நேர்ந்தது. பல ஆண்டுகள் ஓடித் தேர்ந்த வடிவமும் விதிவிலக்கல்ல: ஜெனரல் மோட்டார்ஸ் 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டர் வி8 வண்டிகளை, எஸ்கலேட் உட்பட, ஏறத்தாழ ஆறு லட்சம் எண்ணிக்கையில் 2025-இல் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. கிராங்க்ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் இருந்த குறை அதற்குக் காரணம். சோதனையில் தேறிய என்ஜின்களுக்கு இன்னும் கெட்டியான ஆயில் நிரப்பப்பட்டது, தேறாதவை பழுதுபார்க்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. இந்த வண்டிகளை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்ப அழைக்கப்பட்ட வண்டியில் அந்த வேலை முடிந்ததற்கான தாளைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள் என்கிறேன்.

கூடுதல் வசதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, மறுவிற்பனையில் பணம் திரும்பக் கொடுப்பவையும் கொடுக்காதவையும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாம் வரிசையில் தனித்தனி இருக்கைகள், இழுவைக் கொக்கி, குளிரூட்டும் இருக்கைகள், நல்ல ஒலிபெருக்கிகள் ஆகியவற்றை அடுத்து வாங்குபவரும் தேடுவார். அரிய நிறமும் உள்ளே பதித்த மர வகையும் உங்கள் மகிழ்ச்சிக்கு மட்டுமே. சக்கரங்களின் அளவு பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: 22, 23, 24 அங்குலச் சக்கரங்கள் படத்தில் அழகாக இருந்தாலும், டயரின் பக்கச் சுவர் மெலிந்துவிடுவதால் பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும், பயணம் அதிரும், டயர் விலையும் ஏறும். தரப்படும் அளவுகளில் சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.

ஷோரூம் தன் பங்காகச் சேர்க்கும் பூச்சு, கண்ணாடிப் படலம், தோல் பாதுகாப்பு போன்றவை பெரும்பாலும் விலையை உயர்த்துவதற்கே. அவற்றை நீக்கிய விலையை எழுத்தில் கேளுங்கள். டெலிவரி எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வண்டி தயாரான மாதத்தையும் டயர்கள் தயாரான வாரத்தையும் ஒப்பிடுங்கள். ஷோரூம் வெளியில் பல மாதம் நின்ற வண்டியில் பேட்டரி சோர்ந்திருக்கும், டயர் ஓரிடத்தில் அழுந்தியிருக்கும். ஆண்டு முடியும்போது அத்தகைய வண்டிக்கு நல்ல தள்ளுபடி கிடைப்பதும் உண்மை. பேட்டரியும் டயரும் மாற்றித் தருவதாக எழுதித் தந்தால் அது மோசமான பேரமல்ல.

பழைய வண்டி

மூன்று முதல் ஐந்து வயதுள்ள, ஒருவர் கையில் மட்டும் இருந்த, நிறுவனத்தின் வாரண்டியில் கொஞ்சமாவது மிச்சமுள்ள வண்டியே என் தேர்வு. விலையின் பெரும் சரிவை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். பெரிய செலவுகள் இன்னும் தொடங்கவில்லை. எட்டு, பத்து வயதில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வயதைக் காட்டும். ஓடிய தூரம் குறைவு என்பதை மட்டும் நம்பாதீர்கள்: ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் குறுந்தூரம் ஓடிய வண்டியைவிட, நெடுஞ்சாலையில் இருபதாயிரம் ஓடி ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்ட வண்டி நலமாக இருப்பது இயல்பு.

விற்பவரோடு பேசும் முன் வாகன அடையாள எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அது பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்டது. எண்களோடு குழம்பக்கூடிய ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வருவதே இல்லை. அவற்றில் ஒன்று தென்பட்டால் யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள், அல்லது வேறு ஏதோ நடக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்கலாம். பல நாடுகளில் இணையத்திலேயே பார்க்கலாம். வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழும் கதவுத்தூணிலும் பொறித்திருக்கும் எண்கள் ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகளை மட்டும் எண்ணாமல் பில்களைக் கேளுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் எப்போதாவது மாற்றப்பட்டதா என்பது நான் முதலில் தேடும் வரி. வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று சொல்லப்படும் ஆயில், வாரண்டியின் வாழ்நாளைத்தான் குறிக்கிறது போலும்.

என்ஜின் குளிர்ந்த நிலையில் வண்டியைப் பார்ப்பது இன்றியமையாதது. ஒருமுறை பத்து மணிக்கு வரச் சொன்ன விற்பனையாளரிடம் ஏழு மணிக்கே போய்விட்டேன். இரவு முழுவதும் நின்ற வண்டியின் பின்பக்க வலது மூலை இடது மூலையைவிட இரண்டு விரல் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தரை சமமில்லை சார் என்றார் அவர். சாவியைத் திருப்பியதும் கீழே எங்கோ கம்ப்ரஸர் முனகத் தொடங்கி, ஒரு நிமிடத்தில் அந்த மூலை மெல்ல எழுந்து மற்றதோடு சமமானது. தரை அப்படி எழாது. பத்து மணிக்குப் போயிருந்தால் நான்கு மூலையும் சமமாக நிற்கும் வண்டியைத்தான் பார்த்திருப்பேன். ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர்ப் பை மடிப்பில் வெடிப்பு விழுந்தால் காற்று மெதுவாகக் கசியும். அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அளவுக்கு மீறி ஓடி அதுவும் கருகும். ஒரு பையின் கசிவைக் கவனிக்காமல் விட்டவர் பையோடு கம்ப்ரஸரையும் மாற்றுகிறார். ஆகவே வண்டியை நிறுத்தி, சக்கர வளைவின் உச்சியிலிருந்து சக்கர மையம் வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் சில மணி நேரம் கழித்து மீண்டும் அளங்கள். பிறகு உயர்த்தும் பொத்தானையும் தாழ்த்தும் பொத்தானையும் இரண்டு மூன்று முறை அழுத்தி, எல்லா மூலையும் ஒரே வேகத்தில் நகர்கின்றனவா என்று பாருங்கள்.

போனட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முதல் மூன்று நான்கு விநாடிகளில் சங்கிலி உராயும் ஓசையோ தட்டும் ஓசையோ கேட்டால் டைமிங் சங்கிலியையோ வால்வுகளை உயர்த்தும் லிஃப்டர்களையோ சந்தேகியுங்கள். டர்போக்களை வி வடிவத்தின் நடுவிலேயே வைத்துள்ள வி8 என்ஜின்களில் வெப்பம் அங்கேயே தேங்குவதால், ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வுத் தண்டு சீல்கள் இறுகிப்போகும். பிஎம்டபிள்யூவின் பழைய 4.4 லிட்டர் என்ஜினில் இது பெயர்பெற்ற குறை. இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. என்ஜின் நன்றாகச் சூடான பின் பத்து நிமிடம் அப்படியே நின்று ஓட விடுங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அழுத்தும்போது பின்னால் நீலப் புகை கிளம்பினால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. இனிப்பான மணத்தோடு நிற்காமல் வரும் வெண்புகை, குளிர்விப்பு நீர் எரிவதன் அடையாளம்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாகவும் தேய்மானத்தில் நெருங்கியும் இருக்க வேண்டும் என்பது இந்த வண்டிகளில் ஒப்பனைக்காகச் சொல்வதல்ல. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு கூடி, என்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் அந்த வேறுபாட்டைச் சமாளித்துத் தேயும். சுமைக் குறியீட்டையும் படியுங்கள்: 111 என்று இருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ வரை தாங்கும். குறைந்த குறியீடுள்ள மலிவு டயர் மாட்டியிருப்பவர் ஆயிலிலும் மலிவு பார்த்திருப்பார் என்று நான் கணிப்பதுண்டு, பெரும்பாலும் பொய்த்ததில்லை.

விபத்தில் அடிபட்டதா என்று காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய வித்தை இங்கே எல்லா வண்டிக்கும் உதவாது. 2012-இல் வந்த ரேஞ்ச் ரோவர் முழுவதும் அலுமினியக் கட்டுமானம்; 2018 முதல் நேவிகேட்டரின் உடலும் அலுமினியம். பட்டி பூசியிருந்தாலும் பூசாவிட்டாலும் காந்தம் ஒட்டாது. அலுமினியத்தையும் அளக்கும் வண்ணத் தடிமன்மானியை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, ஒரு பலகத்தின் அளவை அடுத்த பலகத்தோடு ஒப்பிடுங்கள். கதவு இடைவெளிகள் மேலும் கீழும் ஒரே அகலமாக உள்ளனவா, போனட்டின் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட கீறல் உள்ளதா என்பதும் நிறையச் சொல்லும். அலுமினிய உடலைச் சரிசெய்யத் தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும். சாதாரணப் பட்டறையில் செய்த வேலை நாளடைவில் குமிழியிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னும் ஆபத்தானது. இந்த வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் பல இருக்கைகளுக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் மண் கறை உள்ளதா என்று பாருங்கள். அதைக் கழற்றிக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, விளக்குக்குள் ஈரம், உள்ளே தூக்கலான வாசனைத் திரவியம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் திரும்பி நடங்கள். ஆனால் கூரைக்கண்ணாடி உள்ள வண்டியில் தரைவிரிப்பு ஈரமாக இருப்பதற்கு, அதன் வடிகால் குழாய் இலைதழையால் அடைபட்டதும் காரணமாகலாம். அது சரிசெய்யக்கூடியதே, ஆனால் ஈரம் பெட்டிகளைத் தொட்டதா என்று தெரிந்த பிறகு.

பொத்தான்களைச் சோதிக்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு இருக்கையின் ஒவ்வொரு அசைவும், பின்வரிசைக் குளிரூட்டலும், தாமாக இறங்கும் படிக்கட்டும், மென்மையாக மூடிக்கொள்ளும் கதவும், கேமராக்களும் சோதிக்கப்பட வேண்டும். விற்பவர் பொறுமையிழந்தால் அது அவருடைய சிக்கல். சில நாடுகளில் பழைய 3ஜி அலைவரிசை நிறுத்தப்பட்டதால், அதை நம்பியிருந்த வண்டிகளின் அவசர அழைப்பும் தொலைவிலிருந்து இயக்கும் வசதியும் வேலை செய்யாமல் போய்விட்டன. இதை எந்தப் பட்டறையும் எளிதில் சரிசெய்துவிட முடியாது.

இதற்குமேல் நல்ல மெக்கானிக்கின் வேலை. இந்த நிறுவன வண்டிகளில் பழகிய, விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆயில் கசிவு, புஷ்கள், பிரேக் டிஸ்க்கின் விளிம்பு, சேசிஸின் துரு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கணினிக் கருவியை மாட்டிப் பிழைக் குறிகளைப் படிக்க வேண்டும். அப்போது பிழை எதுவும் இல்லை என்ற பதிலோடு நிறைவடையாமல், வண்டியின் சுயசோதனைகள் முடிந்த நிலையில் உள்ளனவா என்றும் கேளுங்கள். பிழைக் குறிகளை அழித்தால் அந்தச் சுயசோதனைகளும் அழிந்து, மீண்டும் முடிய நூறு கிலோமீட்டருக்கு மேலும் ஓட வேண்டியிருக்கலாம். முதல் நாள் இரவு எச்சரிக்கை விளக்கை அணைத்து வைத்த வண்டி இங்கேதான் அகப்படும். இந்தப் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

ஓட்டிப் பார்த்தல்

ஒரு மணி நேரமாவது, இசையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாக மட்டும் அழுத்தியிருக்கும்போது, கரடான பட்டைகள் மேல் ஓடுவது போன்ற நடுக்கம் வந்தால் என்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரைச் சந்தேகியுங்கள். காலியிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். சக்கரம் தள்ளிக் குதித்தாலோ டக்டக் என்று ஒலித்தாலோ முன் அச்சிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ தேய்மானம் இருக்கிறது. குறைந்த விகித நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் அதை ஈடுபடுத்தி விலக்கிப் பாருங்கள். பல உரிமையாளர்கள் அதை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள், அதை ஈடுபடுத்தும் மோட்டார் ஓடாமலேயே இறுகிக் கிடக்கும். நெடுஞ்சாலையில் வலுவாகப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் துடித்தால் டிஸ்க்குகள் கோணியிருக்கின்றன. இந்த எடைக்கு அது அரிதல்ல, விலை பேசும்போது கழித்துக்கொள்ளலாம்.

விலை, காப்பீடு, கைமாற்றம்

விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டுத் தொகையைக் கேட்டுவிடுங்கள். சாவியில்லாமல் திறக்கும் அமைப்பின் அலைகளை நீட்டித்துத் திருடும் முறைகள் பரவிய பிறகு, திருடர்கள் விரும்பும் மாடல்களுக்குச் சில இடங்களில் காப்பீடு கிடைப்பதே அரிதாகியிருக்கிறது. திருட்டைத் தடுக்கும் மென்பொருள் புதுப்பித்தல் அந்த வண்டிக்குச் செய்யப்பட்டுள்ளதா என்று சேவை மையத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்கக்கூடும்.

நிறுவனமே சான்றளித்து விற்கும் பழைய வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் பொதுவாக வீண் என்பேன். இந்த வகுப்பு மட்டும் விதிவிலக்கு. ஒரு ஏர் சஸ்பென்ஷன் அல்லது ஒரு டர்போ பழுதானாலே அந்தக் கூடுதல் தொகை திரும்பிவிடும். வெளி நிறுவனங்கள் விற்கும் நீட்டித்த வாரண்டியானால், எவை சேராது என்ற பட்டியலை முதலில் படியுங்கள். ஏர் சஸ்பென்ஷனும் திரைகளும் சேராத வாரண்டியால் இந்த வண்டிகளுக்குப் பெரிய பயனில்லை.

பேரத்தில் உங்கள் கையிலுள்ள ஆயுதம் மெக்கானிக்கின் அறிக்கை. டயர், பிரேக், நிலுவையிலுள்ள சர்வீஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சேவை மையத்தின் மதிப்பீட்டை வாங்கி, தொகையைக் கூட்டிக் காட்டுங்கள். பொதுவாக விலையைக் குறையுங்கள் என்று கேட்பவருக்குக் கிடைக்காத குறைப்பு, எழுதிய கணக்கைக் காட்டுபவருக்குக் கிடைக்கும். கடன் நிலுவை தீர்ந்ததற்கான சான்றும் இரண்டு சாவிகளும் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்; இரண்டாவது சாவியைப் புதிதாகச் செய்து வண்டியோடு இணைப்பதற்கான செலவு பலருக்கு அதிர்ச்சி தரும்.

கடைசியாக ஒன்று, விற்பவர் இன்னும் அருகில் நிற்கும்போதே செய்ய வேண்டியது. வண்டியின் திரையில் அமைப்புகளுக்குள் போய், அவருடைய கணக்கையும் கைப்பேசிச் செயலியின் இணைப்பையும் அவரையே நீக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் தம் கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறந்து உங்களுக்குக் காட்டட்டும். வண்டி அதில் இன்னும் தெரிந்தால், அவரால் வீட்டில் இருந்தபடியே அதன் இருப்பிடத்தைப் பார்க்கவும் கதவைத் திறக்கவும் முடியும்.